குறிஞ்சி என்னும் பெயர்

பெண் குழந்தைக்குக் குறிஞ்சி என்று பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இப்பொழுது அபூர்வமன்று. வீடுகளுக்கும், வாசகசாலைகளுக்கும், மலைவாசஸ்தலத்து விடுதிகளுக்கும் கூட அப்பெயரைச் சூட்டுகிறார்கள். அதைப் பற்றி நமக்கு மகிழ்ச்சியே. அர்த்தமற்ற ஒலிக் கூட்டங்களைத் தேடியலையும் காலத்தில், இரண்டாயிரம் வருஷமாகத் தமிழன் நாவில் பழகிய ஒரு சொல்லை எடுத்துத் தம் குழந்தைக்கு ஒருவர் இடுவாரானால், அவரை மனமாரப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கும் குழந்தை ஒரு நாள், "குறிஞ்சி என்றால் என்ன? அதைக் காட்டுங்கள்" என்று கேட்குமானால், தகப்பனார் எங்கே அழைத்துச் சென்று காட்டுவார்? தாமரையைக் குளத்தில் காட்டலாம்; முல்லையை வேலியில் காட்டலாம்; மல்லிகையைக் கடைத்தெருவில் காட்டலாம். குறிஞ்சியைக் காட்ட நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ ஏற வேண்டும். ஏறினாலும் போதாது; காலம் வாய்க்க வேண்டும். காலம் வாய்த்தாலும் போதாது. பூப்பதற்கு அங்கே நிலம் மிச்சமிருக்க வேண்டும். மூன்றாவதாகச் சொன்ன இந்த விஷயமே இன்று நம் கவலைக்கு உரியது. அதைச் சொல்லுமுன் அப்பெயரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஒரு சொல், பல பொருள்

குறிஞ்சி என்பது பூவுக்குப் பெயர். அதைத் தாங்கும் செடிக்குப் பெயர். மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும் பெயர். தலைவனும் தலைவியும் ஒன்று கூடுதலாகிய அக ஒழுக்கத்துக்குப் பெயர். மலைநாட்டார் மீட்டிய யாழுக்குப் பெயர். அவர்கள் பாடிய பண்ணுக்கும் பெயர். ஒரு பூவின் பெயரை இத்தனை பொருள்களின் மீது ஏற்றி, அத்தனையையும் ஒரே சொல்லில் கட்டி வைத்தது தமிழ் இலக்கணத்தின் தனிச் சிறப்பாகும்.

முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற மற்ற நான்கு திணைகளும் அவ்வாறே செடி கொடி மரங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நிலத்துக்கு ஏன் பூவின் பெயர் வந்தது என்ற கேள்வியைப் பழைய உரையாசிரியர்களே எழுப்பி விவாதித்திருக்கிறார்கள். அந்த நிலத்தில் சிறந்து விளங்கும் பூவைக் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்டார்கள் என்பது ஒரு கொள்கை. ஒழுக்கத்துக்கே முதலில் அப்பெயர் அமைந்து, பிறகு நிலத்துக்கு ஆயிற்று என்பது மற்றொரு கொள்கை. எது முந்தியது என்று புலவர்கள் வாதிடட்டும். நமக்கு முக்கியமானது ஒன்று. நிலத்தையும், அதில் வாழும் மனிதனின் உள்ளத்தையும், அங்கே மலரும் பூவையும் தனித்தனிப் பொருள்களாக அந்த முன்னோர்கள் எண்ணவில்லை. குறிஞ்சி என்று ஒருவர் சொன்னால் மலைச்சாரலும், தினைப்புனமும், கூதிர்க் காலத்து நள்ளிரவும், காத்திருக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சும் கேட்போர் மனத்தில் ஒருங்கே எழுந்தன.

குறிஞ்சி பாடுவதில் கபிலருக்கு இணையாக மற்றொருவரைச் சொல்லுவதில்லை. ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்குரிய நூறு பாட்டுக்களும் அவருடையவை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டை, பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழின் இயல்பை அறிவிக்கும் பொருட்டு அவர் பாடினார் என்பது வரலாறு. 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், மலைச்சுனையில் நீராடிய தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. செங்காந்தள் முதலில் நிற்கிறது. குறிஞ்சி ஐந்தாவதாக வருகிறது. பிற நாட்டான் ஒருவனுக்குத் தமிழ் இன்னதென்று காட்டப் புகுந்த புலவர் போர்க்களத்தையும் அரண்மனையையும் விட்டுவிட்டு மலைப்பூக்களின் பெயர்களை எண்ணிக் காட்டினார் என்பதைத் தேச பக்தர்கள் சிந்திக்க வேண்டும். ஓலைச் சுவடியில் உறங்கிக் கிடந்த பத்துப்பாட்டை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-ம் வருஷத்தில் அச்சேற்றியிராவிட்டால், இந்தப் பெயர் வரிசையும் நமக்குக் கிட்டியிராது.

குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் என்னும் புலவர், கரிய தண்டுடைய குறிஞ்சிச் செடியின் பூவிலிருந்து வண்டுகள் தேன் சேர்க்கும் நாட்டையுடையவன் என்று தலைவனைச் சுட்டுகிறார். செடியை நேரில் கண்டவர்களுக்கு அந்த அடைமொழியின் உண்மை விளங்கும். குறிஞ்சித் தேனுக்கு மலைவாசிகளிடம் இன்றளவும் தனி மதிப்பு உண்டு. புலவர் கற்பனையில் பிறந்ததன்று அந்தப் பூ. மலையேறிப் பார்த்தவர் பாடியது.

சங்கீதத்திலும் பெயர் வாழ்கிறது. ஞானசம்பந்தர் தேவாரத்தில் குறிஞ்சிப் பண்ணில் அமைந்த பதிகங்களை ஓதுவார்கள் ஹரிகாம்போதியில் பாடி வருகிறார்கள். கர்நாடக சங்கீதத்தில் குறிஞ்சி என்ற பெயரோடு வழங்கும் ராகம் சங்கராபரணத்தைத் தாயாகக் கொண்ட வேறொன்று. பெயர் ஒன்று, உருவம் இரண்டு.

குறிஞ்சி நிலத்துக்குச் சேயோன், அதாவது முருகன், தெய்வம். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் என்ற திருநாமத்தோடு முருகன் எழுந்தருளியிருக்கும் கோயில் 1936-ம் வருஷத்தில் எழுந்தது. அதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். இலங்கைத் தமிழ்த் தலைவர் ஸர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்து, ஹிந்து சமயத்தைத் தழுவிய வெள்ளைக்கார மாது. மலைப்பூவின் பெயரைத் தெய்வத்துக்கு இட்டுக் கோயில் கட்ட வேண்டுமென்ற எண்ணம் கடல் கடந்து வந்த ஒரு பெண்மணிக்குத் தோன்றியது என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது.

நீலமலை ஏன் நீலமலை?

குறிஞ்சியின் பெயர் தமிழுக்குப் பொது. அதன் நிறமோ ஒரு ஜில்லாவுக்கே பெயராக நிற்கிறது. நீலகிரி என்பதற்கு நீலநிற மலை என்று பொருள் என்பதை எல்லோரும் அறிவர். அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அபிப்பிராய பேதம். சரிவு முழுவதும் குறிஞ்சி பூத்து மலையே நீலப் பட்டாடை உடுத்தது போல் நின்ற காட்சியே பெயருக்குக் காரணம் என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். சமவெளியிலிருந்து நோக்கும்போது மலையின் மேல் கவியும் நீலப்புகை போன்ற மூட்டமே காரணம் என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள்.

உதகைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளிடம் மூன்றாவது கதை ஒன்றும் சொல்லப்படுகிறது. யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய் காற்றில் கலந்து நீல மூட்டமாகத் தோன்றுகிறதாம், ஆகையால் நீலகிரியாம்! இந்தக் கதையை வருஷக் கணக்கே பொய்யாக்கிவிடும். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று 1117-ம் வருஷத்துக் கல்வெட்டு கூறுகிறது. அதற்கும் முந்திய சிலப்பதிகாரத்தில், வடநாட்டு யாத்திரை புறப்பட்ட சேரன் செங்குட்டுவன் நீலகிரியின் பக்கத்தில் படையோடு தங்கியதாக வருகிறது. யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து உதகைக்கு வந்தது 1843-ம் வருஷத்தில். எழுநூறு வருஷத்துக்குப் பின்னால் வந்த மரம் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த பெயரை எப்படித் தரும்? வந்தேறிய மரத்தை நம்முடைய மலைக்கு ஞானத் தகப்பனாக்கும் இந்தப் பேச்சு வேடிக்கைக்கு வேண்டுமானால் உதவும்.

பூவா மூட்டமா என்ற முந்திய வாதத்தில், பூவின் கட்சிக்கே நம் மனம் சாய்கிறது. மூட்டம் எல்லா மலைகளின் மீதும் கவிகிறது; தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா மலைகளும் நீலந்தான். ஒரு மலைக்கு மாத்திரம் நீலம் என்று பெயர் நிலைக்க வேண்டுமானால், பார்த்தவர்கள் பேரனுக்குச் சொல்லும்படியான ஒரு தனிக் காட்சி அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனைமலையிலும் பழனி மலையிலும் கூடக் குறிஞ்சி உண்டே என்று ஆட்சேபிக்கலாம். உண்மையே. ஆயினும் அந்தப் பூ மற்ற மலைகளைக் காட்டிலும் நீலகிரியிலேயே அதிக இடங்களில் இருக்கிறது.

மேல்நாட்டார் இட்ட பெயர்

தாவர சாஸ்திரிகள் இந்தச் செடியை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று அழைக்கிறார்கள். முதற்சொல், கூம்பு போன்ற பூங்கொத்து என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் ஆனது. இரண்டாவது சொல், சைலண்ட் வாலியில் ஓடும் குந்தி ஆற்றைக் குறிக்கிறது என்று நம் நாட்டில் பலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாஸ்திரிகள் பெயரிடும் முறையை நோக்கினால் இது பொருந்தாது. ஊராலும் ஆற்றாலும் பெயரிடும்போது அவர்கள் பெரும்பாலும் "என்ஸிஸ்" என்ற ஈற்றைச் சேர்ப்பார்கள். "இயானா" என்ற ஈறு ஒரு மனிதரைக் கௌரவிப்பதற்குச் சேர்ப்பது. இந்தச் செடியை 19-ம் நூற்றாண்டில் விவரித்துப் பெயரிட்டவர் நீஸ் என்னும் ஜெர்மானியர். அவர் காலத்தில் புகழோடு விளங்கிய மற்றொரு ஜெர்மானியத் தாவர சாஸ்திரி கார்ல் குந்த் (1788–1850); ஹம்போல்ட் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டு வந்த செடிகளை ஆராய்ந்தவர். குந்தியானா என்பது அந்தக் குந்தின் பெயரே.

நம் மலையில் காலடி வைக்காத ஒருவரின் பெயர் நம் மலைப்பூவுக்கு அமைந்துவிட்டதே என்று கோபப்பட வேண்டியதில்லை. அது உலக சாஸ்திரத்தின் மரபு. அதற்கும் ஓர் உபயோகம் உண்டு. பெயரிடுவதில் இரண்டு வழிகள் இருப்பதை மாத்திரம் கவனிக்க வேண்டும். ஒரு வழி, மனிதனின் பெயரைப் பூவுக்குக் கொடுக்கிறது. மற்றொரு வழி, பூவின் பெயரை வாங்கி நிலத்துக்கும், பண்ணுக்கும், தெய்வத்துக்கும், காதலுக்கும், பிறந்த குழந்தைக்கும் இடுகிறது. முதல் வழியில் பூ மனிதனுக்குக் கடன்படுகிறது. இரண்டாவது வழியில் மனிதன் பூவுக்குக் கடன்படுகிறான். தமிழர்கள் இரண்டாவது வழியில் வந்தவர்கள். அந்தக் கடனைச் செலுத்தினோமா என்பதே கேள்வி.

பன்னிரண்டு வருஷக் கணக்கு

குறிஞ்சியின் வாழ்க்கை விசித்திரமானது. விதை முளைத்துச் செடியாகி, பதினொரு வருஷம் பூவே இல்லாமல் வளர்கிறது. பன்னிரண்டாம் வருஷத்தில் ஒரு சரிவிலுள்ள செடிகள் அனைத்தும் சேர்ந்து பூக்கின்றன. பூத்துக் காய்த்து விதை சிந்தியபின் அனைத்தும் சேர்ந்தே மடிகின்றன. ஒவ்வொரு செடிக்கும் ஆயுளில் பூப்பு ஒன்றுதான். இவ்வளவு காலம் காத்திருந்து கூட்டமாகப் பூப்பதற்கு விஞ்ஞானிகள் ஒரு காரணம் சொல்லுகிறார்கள். ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான விதைகள் விழும்போது, பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் முளைக்கும்; தனித்தனியே பூத்தால் விதை தப்பாது என்பது அவர்கள் கருத்து. ஒற்றுமையே பலம் என்பதை மேடையில் முழங்காமல் நடத்திக் காட்டும் செடி இது!

பழனி மலைப் பளியர்களும் மூணாறு மலை முதுவர்களும் தங்கள் வயதைக் குறிஞ்சி பூத்த தடவைகளைக் கொண்டு கணக்கிட்டு வந்தார்கள். நான்கு குறிஞ்சி கண்டவர் என்றால் நடுவயது தாண்டியவர் என்று பொருள். 1838-ம் வருஷம் தொடங்கி 2018-ம் வருஷம் வரையில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் பூத்த வரிசை ஒன்று எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 1922-லும், 1934-லும், 1946-லும் அந்தப் பூ பூத்தபோது தேசம் அடிமைப்பட்டிருந்தது. சுதந்தரம் பெற்ற பிறகு, 1958, 1970, 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆறு வருஷங்களில் இந்த வரிசையில் பூத்தது. அடுத்தது 2030. எல்லா மலைகளிலும் ஒரே வருஷத்தில் பூப்பதில்லை. சரிவுக்குச் சரிவு கணக்கு வேறுபடும். 2024-ம் வருஷத்தில் நீலகிரியில் உதகையை அடுத்த சில சரிவுகள் பூத்து நின்றன.

நாவலாசிரியை ராஜம் கிருஷ்ணன் நீலகிரிப் படகர் சமூகத்தின் வாழ்க்கை மாறிய கதையை எழுதியபோது அதற்குக் குறிஞ்சித் தேன் என்று பெயர் வைத்தார். நா. பார்த்தசாரதி தம் லட்சிய நாவலுக்குக் குறிஞ்சி மலர் என்று பெயர் வைத்தார். அபூர்வமானது, காத்திருந்து பெறத்தக்கது என்ற பொருள் இக்காலத் தமிழில் அந்தப் பெயரோடு சேர்ந்துவிட்டது.

ஆனால் இந்த அபூர்வத்திலேயே அபாயமும் இருக்கிறது. வருஷந்தோறும் பூக்கும் செடியை ஒரு வருஷம் அழித்தாலும் அடுத்த வருஷம் விதைக்கு வழியுண்டு. குறிஞ்சிக்கு அந்த வழி இல்லை. விதை முற்றுமுன் ஒரு சரிவின் செடிகளை மிதித்தோ, பறித்தோ, தீயிட்டோ அழித்துவிட்டால், பன்னிரண்டு வருஷத்து உழைப்பு ஒரு மாதத்தில் போய்விடும். அந்தச் சரிவில் அந்த வம்சமே முடிந்துவிடக் கூடும். பூத்திருக்கும் செய்தி பத்திரிகையில் வந்தவுடன் மோட்டார் வண்டிகளில் திரண்டு போய், கைநிறையப் பறித்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவே நின்று படம் பிடித்துத் திரும்பும் ஜனங்கள், தாங்கள் செய்வது இன்னதென்று உணர்வதில்லை. அன்பு மிகுதியால் செய்யும் அழிவு இது; அழிவு என்னவோ அழிவுதான்.

நிலம் போன கதை

ஆயினும் பறிப்பவர்கள் செய்யும் தீங்கு சிறிது. நிலத்தை மாற்றியவர்கள் செய்தது பெரிது. குறிஞ்சி வளர்வது மலையுச்சிப் புல்வெளிகளில். பள்ளங்களில் சோலைக் காடு, மேடுகளில் புல்வெளி, இதுவே மேல்மலையின் இயற்கை அமைப்பு. தோடர்களின் எருமைகள் அந்தப் புல்வெளியில் மேய்ந்தன. கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் தத்தமக்குரிய இடங்களில் வாழ்ந்தார்கள். 1819-ம் வருஷத்தில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறிய பிறகு நிலைமை மாறியது. மரமில்லாத புல்வெளியை வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பாழ்நிலம் என்று கருதினார்கள். பயிரிடாத இடம், மரமில்லாத இடம், ஆகவே பயனற்ற இடம்! விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் யூகலிப்டஸும் வந்தன. குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டங்கள் சரிவுகளை வளைத்தன.

இதுவரை சொன்னது அந்நிய ஆட்சியின் கதை. அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் கதை 1947-ல் முடிந்துவிடவில்லை. சீகையையும் யூகலிப்டஸையும் புல்வெளிகளில் மிக விரிவாக நட்டது சுயராஜ்ய சர்க்காரே. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் வேண்டியிருந்தது. 1950-களில் தொடங்கிய குந்தா மின்சாரத் திட்டத்தின் நீர்த்தேக்கங்களும் மேல்மலைப் பள்ளத்தாக்குகளில் எழுந்தன. தேசத்துக்கு மின்சாரம் வேண்டாமென்றோ, தொழில் வேண்டாமென்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் புல்வெளி பாழ்நிலம் என்ற வெள்ளைக்காரன் தீர்ப்பை மாத்திரம் பரிசீலனை செய்யாமலே நாம் ஏற்றுக்கொண்டோம் என்பது வருந்தத்தக்கது. கொடியை மாற்றினோம், கண்ணாடியை மாற்றவில்லை.

தேயிலையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 1964-ம் வருஷத்து சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு வாழ்வளிக்கவே தமிழ்நாடு சர்க்கார் 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர் அது டான்டீ என்ற கழகமாயிற்று. நாடிழந்து வந்த அந்தக் குடும்பங்களுக்கும், சிறு தோட்டம் வைத்துப் பிழைக்கும் படகக் குடியானவர்களுக்கும் தேயிலையே சோறு. அதைப் பிடுங்கி எறியச் சொல்லுவது அறிவுமன்று, தர்மமுமன்று. இனிமேல் புல்வெளியைத் தொடாதிருப்பதும், சீகையும் யூகலிப்டஸும் பரவிக் கெடுத்த சர்க்கார் நிலத்தைத் திருப்புவதுமே நாம் கேட்பது.

இது பூவை நேசிப்பவர்களின் பொழுதுபோக்கு என்று சமவெளியில் இருப்பவர்கள் எண்ணிவிட வேண்டாம். புல்வெளியும் சோலையும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. அந்த ஓடைகள் சேர்ந்து பவானியாகவும் மோயாறாகவும் ஓடிக் காவிரியில் கலக்கின்றன. கோயம்புத்தூர் நகரத்துக் குழாய்களில் வரும் பில்லூர் நீரும், பவானிப் பாசனத்து வயல்களில் பாயும் நீரும் குறிஞ்சி பூக்கும் உச்சிகளிலிருந்து வருபவையே. குறிஞ்சி நிலம் வறண்டால் மருத நிலம் செழிக்குமா? ஐந்திணையை வகுத்த முன்னோர்களின் பாடப் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது.

செய்தவையும் செய்ய வேண்டியவையும்

ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொல்லுவது நேர்மையாகாது. 1989-ல் இயற்கை அன்பர்கள் சிலர் குறிஞ்சியைக் காக்க வேண்டுமென்று கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்து பிரசாரம் செய்தார்கள். 2006-ல் தபால் இலாகா குறிஞ்சி உருவத்தோடு ஸ்டாம்பு வெளியிட்டது. அதே வருஷத்தில் கேரள சர்க்கார் இடுக்கி ஜில்லாவில் சுமார் 3,200 ஹெக்டேர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமென்று அறிவித்தது. நீலகிரியில் முக்கூர்த்தி தேசியப் பூங்கா சோலையையும் புல்வெளியையும் வரையாட்டையும் சேர்த்துக் காத்து வருகிறது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் குறிஞ்சியும் சேர்ந்தது. அதைப் பறிப்பதும் அழிப்பதும் இப்போது குற்றம். அந்நியக் களைமரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கென்று தமிழ்நாடு சர்க்கார் அதே வருஷத்தில் ஒரு கொள்கையும் வகுத்திருக்கிறது.

ஆனாலும் 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் குறிஞ்சியை அபாயத்துக்கு உட்பட்ட தாவரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உலகம் முழுவதிலும் இந்தப் பூவுக்கு எஞ்சியிருப்பவை 34 கூட்டங்களே என்பது அவர்கள் கணக்கு. அவற்றில் 33 மேற்குத் தொடர்ச்சி மலையிலும், ஒன்று ஏற்காட்டிலும் இருக்கின்றன. வேறெந்த நாட்டிலும் இல்லை. நாம் காக்காவிட்டால் காப்பதற்கு வேறு ஜனங்கள் இல்லை என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

ஆகவே 2030-க்குள் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். குறிஞ்சி உள்ள ஒவ்வொரு சரிவையும் எல்லை வகுத்துப் பதிவு செய்து, கட்டடம் எழாமலும் சாலை வெட்டாமலும் காக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் பார்க்க வருபவர்களை எண்ணிக்கை வரையறுத்து, வகுத்த பாதையில் மாத்திரம், மலைவாசிகளின் வழிகாட்டுதலோடு அனுமதிக்க வேண்டும். அந்த வருமானம் அம்மக்களையே சேர வேண்டும். பூ உதிர்ந்த பின்பு விதை சிந்தும் வரையிலும் காவல் தொடர வேண்டும். காய்ந்து போன செடிதானே என்று தீயிடும் அவசரமே அடுத்த தலைமுறையைக் கொல்லுகிறது. களைமரங்களை வெட்டினால் மாத்திரம் போதாது. வெட்டிய இடத்தில் புல் திரும்பும் வரை வருஷக்கணக்கில் பராமரிக்க வேண்டும். இதற்குத் தோடர்களின் புல்வெளி அறிவு எந்த இலாகாவின் அறிக்கையையும் விடப் பெரிய மூலதனம். பள்ளிக்கூடத்தில் ஐந்திணைப் பாடம் நடத்தும்போது, பூவின் பெயரோடு நிறுத்தாமல் அது நிற்கும் இடத்தையும் அதன் நிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மொழியைக் காப்போம் என்று முழங்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சொல் அகராதியில் இருப்பதனால் மாத்திரம் உயிரோடிருப்பதாகாது. அது சுட்டும் பொருள் மண்ணில் இருக்கும் வரையில்தான் அதற்கு உயிர். கபிலர் எண்ணிய 99 பூக்களில் சில இன்னவையென்று உறுதியாகச் சொல்ல முடியாமல் புலவர்கள் இன்று வாதிடுகிறார்கள். பெயர் தங்கியது, பூவின் அடையாளம் நழுவிவிட்டது. அந்தக் கதி குறிஞ்சிக்கும் வரலாமா? நிலத்துக்கும், இசைக்கும், தெய்வத்துக்கும், காதலுக்கும் பெயர் கொடுத்த பூ, பெயரளவில் மாத்திரம் வாழும்படி விட்டுவிட்டு, தமிழ் வாழ்க என்று நாம் கோஷமிடலாமா?

2018-ல் பூத்து விதை சிந்திய சரிவுகளில் இளஞ்செடிகள் இப்போது வளர்ந்து வருகின்றன. தம் முறை வரும்வரை அவை காத்திருக்கும். காத்திருப்பதில் அவற்றுக்கு ஈடில்லை. அவற்றின் காலடியில் நிலத்தை விட்டுவைப்பது ஒன்றே அவை நம்மிடம் கேட்பது. அதைக் கொடுப்பது உபகாரமன்று. இரண்டாயிரம் வருஷமாக அந்தப் பெயரை வாங்கி அனுபவித்தவர்கள் செலுத்த வேண்டிய கடன்.